ஆமையை வெளியே உட்காரவைத்த அணி

ஒரு காட்டில் கோடை வந்துவிட்டால் ஒரே ஒரு மடுவில்தான் தண்ணீர் இருக்கும். மேட்டுக்காட்டு விலங்குகளும் பள்ளக்காட்டு விலங்குகளும் அதை நம்பித்தான் உயிர் வாழ்ந்தன. யார் முதலில் குடிப்பது என்று ஒன்றையொன்று கடித்துக் குதறாமல் இருக்க, ஆண்டுதோறும் பங்குனியில் சடுகுடு ஆடி முடிவுசெய்யும். ஜெயித்த பக்கம் கோடை முழுவதும் காலையில் தெளிந்த தண்ணீர் குடிக்கும். தோற்ற பக்கம் வெயில் ஏறிய பிறகு போய், மிச்சம் இருக்கும் சேற்றைக் குடிக்கும்.

போன ஆண்டு மேட்டுக்காடு தோற்றது. அந்தக் கோடையில் சேற்றுத் தண்ணீரைக் குடித்து, உடும்பின் ஐந்து குஞ்சுகளில் இரண்டு வயிறு வீங்கிச் செத்துப்போயின. உடும்பு அழவில்லை. அதற்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபம் ஆண்டு முழுவதும் தணியவே இல்லை.

குழந்தைகளே, அந்தக் காட்டுச் சடுகுடுவின் சட்டத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு ஐந்து பேர். ஒருவர் மூச்சை விடாமல் பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் போவார். அவர் தொட்டுவிட்டுத் திரும்பினால், தொடப்பட்டவர் வெளியே போக வேண்டும். பிடிபட்டு மூச்சை விட்டுவிட்டால் அவரே வெளியே போக வேண்டும். வெளியே போனவர் திரும்பி உள்ளே வர ஒரே வழிதான் உண்டு. அவருடைய பக்கத்தார் எதிராளி ஒருவரைப் பிடிக்க வேண்டும். ஒரு பிடிக்கு ஒருவர்தான் உள்ளே வரலாம். ஐந்து பேரும் வெளியே போய்விட்ட பக்கம் தோற்றது.

மேட்டுக்காட்டு அணிக்குக் கரடி தலைவர். கரடிக்கு எது பளபளப்பாக இருந்தாலும் பிடிக்கும். ஒருநாள் அது எல்லாரையும் கூட்டி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பேசியது.

“போன வருஷம் நாம் ஏன் தோற்றோம்? தொட்டுவிட்டு வர நம்மிடம் ஒரு சூரன் இல்லை. இனி அந்தக் குறை இல்லை. சமவெளியிலிருந்து வெளிமானைக் கூட்டி வந்திருக்கிறேன்!”

மரத்தின் பின்னாலிருந்து வெளிமான் துள்ளி வந்தது. ஒரே தாவலில் கரடியின் தலைக்கு மேலே பறந்து அந்தப் பக்கம் இறங்கியது. எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும். உடும்பும் வாயைப் பிளந்தது.

ஓடைக்கரை இளம்புல் முழுவதும் மானுக்கு என்றாயிற்று. அதுவரை அங்கே மேய்ந்த முயல் தன் இடத்தையும் விட்டது, அணியில் தன் பெயரையும் விட்டது. “என்னைவிட அவர் நன்றாகப் பாடிப் போவார், போகட்டும்” என்று முயல் நல்ல மனதோடு சொன்னது. உடும்புக்கும் அதில் வருத்தம் இல்லை.

“தலைவரே, எனக்கு இன்னும் ஒரு ஆசை” என்றது மான். “நான் தொட்டுவிட்டுத் திரும்பும்போது கோட்டருகே ஒருவர் அழகாக நிற்க வேண்டும். மயிலை அணியில் சேருங்கள். அது தோகை விரித்தால்தான் எனக்கு வேகம் வரும்.”

“அதற்கென்ன, சேர்த்தாயிற்று!” என்றது கரடி. “ஆமையை எடுத்துவிடுகிறேன்.”

உடும்புக்குச் சுருக்கென்றது. “யாரை எடுக்கிறீர்கள்?”

“ஆமையை. அது ஆடுவதைப் பார்க்க யார் வருவார்கள்? ஒருநாளாவது யாரையாவது தொட்டிருக்கிறதா?”

“தலைவரே, நான் எதிராளியின் காலைப் பிடிக்கும்போது என் வாலை யார் கவ்விக்கொண்டு நிற்கிறார்கள்? ஆமையண்ணன். நாலு காலையும் மண்ணில் ஊன்றிக்கொண்டு அவர் நிற்பதால்தான் நான் இழுபடாமல் இருக்கிறேன். மான் வரட்டும், நல்லதுதான். மயில் எதற்கு?”

“உடும்பக்கா, உனக்குப் பொறாமை” என்றது கரடி. “இந்த மானே அஞ்சு பேருக்குச் சமம். நீங்களெல்லாம் சும்மா நின்றால் போதும்.”

“சும்மா நிற்கவா? நான் இரண்டு குஞ்சுகளை மண்ணில் புதைத்தவள்!”

கரடி காதில் வாங்கவில்லை. அது மானின் கொம்பைத் தடவிக்கொண்டிருந்தது. உடும்புக்கு அப்போதே அதன் காலைப் பிடித்துக் கவிழ்த்துப் போட வேண்டும்போல் இருந்தது. ஆமை அருகில் வந்து, “விடு தங்கச்சி. நான் வெளியே உட்கார்ந்து பார்க்கிறேன்” என்றது. அதைக் கேட்டதும் உடும்புக்குக் கோபம் இரண்டு பங்காயிற்று.

பங்குனி வந்தது. மடுக்கரை மைதானத்தில் கோடு போட்டார்கள். இந்தப் பக்கம் கரடி, வெளிமான், மயில், உடும்பு, முள்ளம்பன்றி. அந்தப் பக்கம் கீரி, காட்டுப்பன்றி, நரி, குரங்கு, காட்டுக்கோழி. பள்ளக்காட்டு அணியில் பேர் சொல்லும்படி ஒருவரும் இல்லை. கீரிதான் அவர்களுக்குத் தலைவர். அது அதிகம் பேசாது, எதையும் இரண்டு தடவை பார்க்கும்.

முதலில் மான் போனது. அப்பப்பா! போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. குரங்கையும் காட்டுக்கோழியையும் தொட்டுவிட்டுத் திரும்பியது. மயில் தோகையை விரித்தது. கோட்டருகே வந்த மான் ஒரு கணம் நின்று, தலையைச் சாய்த்துத் தோகையைப் பார்த்துவிட்டுக் கோட்டைத் தாண்டியது. கூட்டம் ஆர்ப்பரித்தது.

அடுத்து நரி பாடிக்கொண்டு வந்தது. முள்ளம்பன்றி சிலிர்த்துக்கொண்டு நின்றதால் நரி கிட்டேயே வராமல் திரும்பிப் போனது. மான் மறுபடி போனது. இந்தத் தடவை நரியைத் தொட்டது. மயில் தோகையை விரித்தது. மான் நின்று பார்த்துவிட்டுத் தாண்டியது.

எதிர்ப்பக்கத்தில் இப்போது இரண்டே பேர். கரடி வயிற்றைத் தட்டிக்கொண்டு சிரித்தது. “என்ன உடும்பக்கா, இப்போது என்ன சொல்கிறாய்?”

 உடும்பின் கண் கீரியின்மேல் இருந்தது. கீரி, பன்றியின் காதில் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தது.

“மானே, திரும்பும்போது நிற்காதே!” என்று உடும்பு கத்தியது. “நேராக வந்துவிடு!”

“எனக்கு நீ சொல்லித் தருகிறாயா?” என்றது மான்.

அடுத்து வந்த கீரி யாரையும் தொடவில்லை. கோட்டருகேயே நின்று பாடிவிட்டுத் திரும்பியது. பிறகு மான் மூன்றாம் தடவை போனது. கீரியும் பன்றியும் ஓரமாக ஒதுங்கி அதற்கு வழி விட்டார்கள். யாரையும் தொட முடியாமல் மான் வளைந்து திரும்பியது. கோட்டருகே மயில் தோகையை விரித்தது. மான் நின்றது. அந்த ஒரு கணத்துக்காகத்தான் கீரி காத்திருந்தது. பாய்ந்து மானின் பின்னங்காலைப் பிடித்தது. கீரியின் இடுப்பைப் பன்றி பிடித்துக்கொண்டது. மான் துள்ளியது, உதைத்தது. கடைசியில் மூச்சு விட்டுவிட்டது.

மான் வெளியே போய் உட்கார்ந்தது. அந்தப் பக்கத்தில் நரி உள்ளே வந்தது.

“யாராவது ஒருவரைப் பிடியுங்கள்!” என்று மான் வெளியிலிருந்து கத்தியது. “என்னை உள்ளே கொண்டுவாருங்கள்! நான் வந்துவிட்டால் ஜெயித்துவிடலாம்!”

அது சொன்னதில் பொய் இல்லை. ஒரே ஒரு பிடி போதும். அதற்குள் காட்டுப்பன்றி பாடிக்கொண்டு புழுதி பறக்க உள்ளே வந்துவிட்டது.

உடும்பு காத்திருந்தது. பன்றியின் கால் பக்கத்தில் வந்ததும் பாய்ந்து, முன்கால்களால் இறுக்கிப் பிடித்தது. என்ன பிடி தெரியுமா! நகம் ஒவ்வொன்றும் தோலில் பதிந்தது. பன்றியின் பாட்டு திணறியது. உடும்பின் கண் முன்னால் தெளிந்த தண்ணீர் தெரிந்தது, மீதி மூன்று குஞ்சுகளும் அதில் வாய் வைத்துக் குடிப்பது தெரிந்தது.

ஆனால் பன்றி கனம். அது கோட்டைப் பார்த்து இழுத்தது. உடும்பு மண்ணில் கோடு கிழித்துக்கொண்டு இழுபட்டது.

“என் வாலைப் பிடியுங்கள்!” என்று உடும்பு அலறியது. “மயிலே, வாலைப் பிடி!”

“ஐயோ, தோகை மண்ணாகிவிடும்” என்று மயில் பின்னால் நகர்ந்தது.

“தலைவரே! நீங்களாவது!”

கரடி மயிலைப் பார்த்தது. வெளியே உட்கார்ந்திருந்த மானைப் பார்த்தது. “மான் இருந்திருந்தால்...” என்று இழுத்தது. முள்ளம்பன்றிதான் ஓடி வந்தது, பாவம். ஆனால் அது கிட்டே வந்தால் உடும்பின் முதுகு கிழியும். அது தவித்துக்கொண்டு நின்றது.

மைதானத்துக்கு வெளியே ஆமை நாலு காலையும் மண்ணில் ஊன்றிக்கொண்டு நின்றது. யாருடைய வாலும் அதன் வாயில் இல்லை.

பன்றி கோட்டைத் தாண்டியது, உடும்பையும் இழுத்துக்கொண்டுதான் தாண்டியது. உடும்பு ஆட்டமிழந்து, நகத்தில் ரத்தம் சொட்ட, மானின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

“இவ்வளவுதானா உன் பிடி?” என்றது மான்.

உடும்பு அதன் முகத்துக்கு நேரே திரும்பியது. “கேள். உன் காலைப் போல இந்தக் காட்டில் கால் இல்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீ வெளியே வந்த பிறகு அந்தக் கால் எதற்கு உதவும்? உன்னை உள்ளே கொண்டுவர வேண்டியது நாங்கள். என் வாலைப் பிடிக்க வேண்டியவரை நீ வெளியே உட்காரவைத்தாய். அவருக்குப் பதிலாக வேடிக்கை காட்ட ஒருவரைக் கேட்டாய். இப்போது இங்கேயே உட்கார்ந்து புல்லைத் தின்னு!”

மான் எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்தது.

அப்புறம் நடந்ததைச் சொல்லவே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கரடி பாடிப் போனது. பத்து அடி போவதற்குள் மூச்சு வாங்கி, குப்புற விழுந்து பிடிபட்டது. நரி வந்தபோது, தோகை அழுக்காகுமே என்று மயில் தானாகவே எல்லையைத் தாண்டி ஓடி ஆட்டமிழந்தது. முள்ளம்பன்றி மட்டும் கடைசிவரை தனியாக நின்றது. ஒற்றை ஆள் எவ்வளவு நேரம் நிற்க முடியும்? அதையும் கீரி தொட்டது. ஆட்டம் முடிந்தது.

மறுநாள் காலை ஓடைக்கரையில் மான் இல்லை. இருந்த புல்லையெல்லாம் மேய்ந்துவிட்டுச் சமவெளிக்கே போய்விட்டது. மடுவில் பள்ளக்காட்டு விலங்குகள் தெளிந்த தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தன. மேட்டுக்காட்டு விலங்குகள் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தன. உடும்பின் குஞ்சுகள் நாக்கை நீட்டிக்கொண்டு தாயின் காலடியில் கிடந்தன.

கரடி ஒரு பாறைமேல் ஏறி நின்றது.

“யாரும் மனம் தளர வேண்டாம்” என்றது. “நம் தவறு எனக்குப் புரிந்துவிட்டது.”

உடும்பு தலையைத் தூக்கியது.

“இந்த மானுக்கு வேகம் போதாது. இதைவிட வேகமான மான் ஒன்று மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறதாம். அடுத்த வருஷம் அதைக் கூட்டி...”

கரடி பேசி முடிக்கவில்லை. உடும்பு பாய்ந்து அதன் கணுக்காலைப் பிடித்தது. எங்கிருந்தோ ஆமை வந்து உடும்பின் வாலைக் கவ்விக்கொண்டு, நாலு காலையும் ஊன்றி நின்றது.

“ஐயோ! விடு!” கரடி இழுத்தது, உதறியது. அத்தனை பெரிய உடம்பு ஒரு சாண்கூட அசையவில்லை.

“இழுங்கள் தலைவரே, நன்றாக இழுங்கள்!” என்றது உடும்பு. “நேற்று ஆட்டத்தில் இல்லாமல் போன பிடி இதுதான். காதால் கேட்கவில்லை, காலாலாவது தெரிந்துகொள்ளுங்கள்!”

கரடி சுற்றிலும் பார்த்தது. முயல் பார்த்துக்கொண்டிருந்தது. முள்ளம்பன்றி பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவரும் உதவிக்கு வரவில்லை.

“சரி, சரி! மான் வேண்டாம்! மானே வேண்டாம்!” என்று கரடி கதறியது.

“இன்னும் உங்களுக்குப் புரியவில்லை!” உடும்பு பிடியை இன்னும் இறுக்கியது. “மான் வரட்டும். வேண்டாமென்று நான் எப்போது சொன்னேன்? ஆமையண்ணன் எங்கே நிற்பார், அதைச் சொல்லுங்கள்!”

கரடிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. “உன் பின்னால். உன் பின்னால்தான்!”

உடும்பு பிடியை விட்டது. ஆமை வாலை விட்டது.

வெயில் ஏறியது. பள்ளக்காட்டு விலங்குகள் குடித்து முடித்துப் போயின. மேட்டுக்காட்டு விலங்குகள் சேற்றில் இறங்கின. கரடி நொண்டிக்கொண்டு வழக்கம்போல் முன்னால் வந்தது. உடும்பு அதைத் திரும்பிப் பார்த்தது. கரடி ஒதுங்கி, குஞ்சுகள் குடித்து முடிக்கும்வரை நின்றது.

நீதி: தொட்டு வர ஒரு சூரன் இருப்பது நல்லதுதான், அவனுக்காகத் தாங்கிப் பிடிப்பவரை வெளியே தள்ளும் அணி வெல்லாது.