அமுங்காத இலை

“‘என் பொண்ணு இலை மேல பூ மாதிரி நிக்கிறா, உனக்குப் பொறாமை!’ இதைத்தானே சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க அண்ணே, குளம் முழுக்கக் கேட்கட்டும்!” என்று கத்தியது கானாங்கோழி ரோசம்மா.

“சொல்வேன்! நூறு தடவை சொல்வேன்!” என்றது இலைக்கோழி நெடுவிரல். “குரல்தான் உனக்குப் பெரிசு. தாமரை இலையில ஒரு கால் வெச்சுப் பாரு, தெரியும்!”

அந்தத் தாமரைக் குளத்தில் இலைக்கோழிகள் ஏராளம். அவற்றில் பிள்ளை வளர்ப்பது அப்பாதான். அம்மா முட்டையிட்டுவிட்டு வேறு பக்கம் போய்விடும். அதில் தப்பில்லை. தப்பு வேறு இடத்தில். வருஷா வருஷம் மழை ஓய்ந்ததும், இளங்கோழிகளை ஒவ்வொன்றாக ஒரு தாமரை இலையில் ஏற்றி, இலை எவ்வளவு அமுங்குகிறது என்று பார்ப்பார்கள். அமுங்காவிட்டால் எல்லாக் கோழிகளும் சிறகடித்துப் பாராட்டும். அமுங்கினால் சிரிக்கும். இதற்கு ஒரு விழா வேறு!

போன வருஷம் நெடுவிரலின் மகள் தாமிரா ஏறியபோது, இலையின் ஓரத்தில் தண்ணீர் ஏறியது. கொஞ்சம்தான். குளமே சிரித்தது.

அன்றிலிருந்து தாமிரா, “நான் அப்பவே சாப்பிட்டேன்ப்பா” என்று சொல்ல ஆரம்பித்தது.

பக்கத்துக் கோரைப் புதரில் குடியிருந்த ரோசம்மா எல்லாவற்றையும் பார்த்தது. தாமிரா தன் பங்கு நத்தைகளை இலைக்கு அடியில் ஒளித்தது. மிச்ச நேரமெல்லாம் நிற்காமல் குளத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தது.

“உச்சி வெயில்ல நடுங்குது அண்ணே, உங்க பொண்ணு! இறகு கொத்துக் கொத்தாக் கொட்டுது!”

“போட்டிக்குத் தயாராகுது.”

“போட்டிக்கா, பாடைக்கா?”

ரோசம்மாவும் லேசுப்பட்டதில்லை. ஒரு நாள் தாமிராவை மடக்கி, அலகைப் பிளந்து, ஒரு நத்தையைத் திணித்தது. அதன்பிறகு ரோசம்மாவின் நிழலைக் கண்டாலே தாமிரா ஒளிந்துகொண்டது. திணித்தால் சரியாகிவிடும் என்று அதற்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ!

விழா நாள் வந்தது. தாமிரா இலையில் ஏறியது. இலை அசையவே இல்லை.

“ஆகா! அமுங்கலை! அமுங்கவே இல்லை!”

எல்லாக் கோழிகளும் இலையைப் பார்த்தன. இலைமேல் நின்றதை ஒன்றுகூடப் பார்க்கவில்லை. தாமிராவின் கண் சொருகியது. கால் மடிந்தது. அப்படியே சரிந்து தண்ணீருக்குள் போனது. விழுந்த சத்தம்கூட இல்லை. சத்தம் வர உடம்பில் என்ன இருந்தது? தாமிரா மூழ்கிக்கொண்டிருந்தது, கூட்டம் இன்னும் சிறகடித்துக்கொண்டிருந்தது!

ரோசம்மாதான் பாய்ந்து, கழுத்தைக் கவ்விக் கரைக்கு இழுத்து வந்தது.

“எழுந்து வாங்க அண்ணே! மறுகரை ஆமை வைத்தியர்கிட்ட போகணும்!”

“வைத்தியரா? நாலு பேர் என்ன நினைப்பாங்க?”

“அந்த நாலு பேரும்தான் இப்ப சிறகடிச்சாங்க! ஒருத்தராவது குதிச்சாங்களா?”

நெடுவிரல் எழுந்தது. இருவருமாக மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

ஆமை நிதானமாகக் கேட்டது. எத்தனை நாளாக நடுங்குகிறது? எப்போதிலிருந்து இறகு கொட்டுகிறது? தனியாகச் சாப்பிடுகிறதா, கூட உட்கார்ந்தா? நெடுவிரலுக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் ரோசம்மாதான் பதில் சொன்னது. பெற்றவருக்குத் தெரியாதது பக்கத்து வீட்டுக்குத் தெரிந்திருந்தது!

“ரெண்டு அறை விட்டா சாப்பிடுமா?” என்றது நெடுவிரல்.

“அறை வேண்டியது உங்களுக்கு!” என்று சீறியது ஆமை. “இது பிடிவாதம் இல்லை, நோய். திட்டினாலும் போகாது, திணித்தாலும் போகாது.” ரோசம்மா தலையைக் குனிந்துகொண்டது. “மாசக் கணக்கில் ஆகும். தவறாமல் இங்கே கூட்டி வாங்க. பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்க. குண்டு, ஒல்லி என்று ஒரு பேச்சு வரக்கூடாது.”

தாமிரா கண் விழித்தது.

“சாப்பிட்டா இலை அமுங்குதுப்பா. எல்லாரும் சிரிக்கிறாங்க.”

“சிரிக்கட்டும்மா, அவங்க கிடக்கிறாங்க!”

“நீயும்தானேப்பா சிரிச்சே?”

நெடுவிரல் மகளின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு சிறகை அதன்மேல் போர்த்தியது.

ஒரு வருஷம் ஓடியது. தாமிரா முழுசாகத் தேறிவிடவில்லை. சில நாள் அரை நத்தையோடு நிறுத்திவிடும். நெடுவிரல் பக்கத்தில் உட்கார்ந்து தன் பங்கைத் தின்னும், அதட்டாது. புது இறகு முளைத்திருந்தது. வெயிலில் நடுக்கம் இல்லை.

மறுபடி விழா வந்தது. வரிசையில் முதலில் நின்ற குஞ்சு, கூட்டத்தைப் பார்த்து வயிற்றை எக்கிக்கொண்டது. நெடுவிரல் பறந்து போய் அந்த இலையின் நடுவில் நின்றது. இலை அமுங்கியது. யாரும் சிரிக்கவில்லை.

“என் பொண்ணு பிழைச்சது ரோசம்மா புண்ணியத்தில. நான் கண்ணிருந்தும் பார்க்கலை. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன், இந்த இலை விளையாட்டை இன்னையோட நிறுத்திடுங்க! நிறுத்துவீங்களா?”

வயிற்றை எக்கியிருந்த குஞ்சு மூச்சை விட்டு வரிசையிலிருந்து விலகியது; பின்னால் நின்றவையும் விலகின.

சாப்பாட்டை ஒளிக்கிற பிள்ளையைப் புகழாதீர்கள், திட்டாதீர்கள். உடம்பு காட்டும் அடையாளத்தைக் கண்ட அன்றைக்கே வைத்தியரிடம் கூட்டிப் போங்கள்.