கடைசி ஐந்து நிமிடம்

நாச்சியாரம்மாவின் சீடர்களிலேயே அதிகம் நரைத்த தலை ஆவுடையப்பனுடையதுதான். அம்மாவுக்கு முப்பத்தெட்டு வயது, அவருக்கு ஐம்பத்தாறு. மலைமேல் இருக்கும் அம்மாவின் மடத்துக்கு ஆறு வருடமாக வருகிறார். வந்தால் ஒரு மூலையில் உட்கார்ந்து, பாலில்லாத கருப்பட்டிக் காப்பியைக் குடித்துவிட்டு, யாரிடமும் பேசாமல் போய்விடுவார். அந்த வியாழக்கிழமை மட்டும் அவரால் உட்காரவே முடியவில்லை. வேப்பமரத்தைச் சுற்றினார், கிணற்றைச் சுற்றினார், மறுபடி வேப்பமரத்துக்கே வந்தார்.

“என்னங்கய்யா, கால்ல சக்கரம் கட்டியிருக்கீங்களா?” என்றார் அம்மா.

“ஒரு கேள்வி இருக்கும்மா.”

“உட்கார்ந்து கேளுங்க.”

“நின்னுக்கிட்டே கேட்டுடறேன்.”

ஆவுடையப்பன் செய்வது பறக்கும் குண்டு. ஏவியதும் நேரே போய் விழுகிற ரகம் அல்ல. வானத்தில் ஏறி நாற்பது நிமிடம் வட்டமடிக்கும். கீழே எதிரியின் ராக்கெட் லாரி நிற்கிறதா என்று தன் கேமராவால் தானே தேடும். கண்டுவிட்டால் அதன் தலையில் விழுந்து, அதோடு சேர்ந்து வெடித்துவிடும். கண்டது ராக்கெட் லாரிதானா என்று தனக்குள்ளே மதிப்பெண்ணும் போட்டுக்கொள்ளும். நூற்றுக்குத் தொண்ணூறு வந்தால்தான் விழ வேண்டும். அப்படி எழுதிவைத்தவர் ஆவுடையப்பன்தான்.

“நாற்பது நிமிஷமும் ஒண்ணும் கிடைக்கலன்னா?”

“பொட்டல்ல தானா விழுந்து நொறுங்கிடும்மா. ஒவ்வொண்ணும் எங்க ஆளுங்க நாலு மாசம் உயிரைக் கொடுத்துச் செஞ்சது. வீணாப் போறதைப் பார்த்தா வயிறு எரியும்.”

“அதனால?”

“புரோகிராம்ல ஒரு வரி சேர்த்தேன். கடைசி அஞ்சு நிமிஷத்துல மட்டும் அறுபது வந்தாலே போதும், விழலாம்.”

“ம்.”

“தப்பு இல்லையேம்மா? ஒரு ராக்கெட் லாரி தப்பிச்சுப் போனா, ஒரு நிமிஷத்துல நம்ம பக்கம் நாற்பது ராக்கெட் வந்து விழும். ஊர் ஊராப் போயிடும். இந்த வரியைச் சேர்த்த பிறகு இருபத்திரண்டு தடவை விட்டுப் பார்த்தோம். ஒண்ணுகூட வீணாகல, ஒண்ணுகூடத் தப்பா விழல.”

“சோதனை பண்ண மைதானத்துல வேற என்னென்ன இருந்துச்சு?”

“வேற என்ன இருக்கும்? ராக்கெட் லாரி மாதிரி செஞ்ச தகர லாரிங்கதான்.”

அவர் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அலுவலகத்தில் கணிப்பொறி வேலைகளைப் பார்க்கும் ஜெபராணி. இன்று மூன்று மணிக்கு புரோகிராமைப் பூட்டிவிட வேண்டும், அந்த வரி இருக்கட்டுமா என்று காலையிலிருந்து நாலு தடவை கேட்டுவிட்டாள். பூட்டிய பிறகு யாரும் கை வைக்க முடியாது. சனிக்கிழமை பட்டாளத்துக்குப் போய்விடும்.

“எல்லாரும் கை தட்டினாங்கம்மா. எனக்கு மட்டும் ராத்திரியும் பகலும் இருப்புக் கொள்ளல. ஏன்?”

அம்மா உள்ளே போனார். வரும்போது வாழையிலைத் துண்டில் ஈரச் சுண்ணாம்பு இருந்தது. அதை வழித்து ஆவுடையப்பனின் வலது உள்ளங்கையில் அப்பினார்.

“இன்னிக்குக் கீழே சந்தை. நம்ம மடத்துப் பசுவை அவிழ்த்துட்டுப் போனவன் அங்க சுத்துறானாம். அறுபது வயசு இருக்கும். மஞ்சத் துண்டு. வலது கால் நொண்டுவான். இடது காது கிழிஞ்சிருக்கும். ஆள் கிடைச்சா இதை முதுகுல பூசிடுங்க. சந்தை வாசல்ல நம்ம ஆளுங்க தடியோட நிப்பாங்க. மத்ததை அவங்க பார்த்துக்குவாங்க.”

“எதுவரைக்கும் தேடணும்?”

“கோயில்ல உச்சிக்கால மணி அடிக்கிற வரைக்கும். கையில சுண்ணாம்போட மட்டும் மடத்துக்குள்ள திரும்பி வராதீங்க.”

ஆவுடையப்பன் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அடையாளம் கைக்கு வந்துவிட்டால் அவருக்கு வேறு கேள்வி எழாது. முப்பது வருடத் தொழில் பழக்கம் அது.

முதல் சுற்றில் கறாராகத்தான் இருந்தார். மஞ்சள் துண்டு போட்ட பூசணிக்காய் வியாபாரி ஒருவர் விறுவிறுவென்று நடந்தார், விட்டுவிட்டார். ஒருவர் கோழிகளைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டிப் போனார். துண்டு சிவப்பு, வயதும் முப்பதைத் தாண்டாது. காது கிழிந்த ஒரு பெரியவரைக் கண்டார். கருவாட்டுக் கடைவரை அவர் பின்னாலேயே போய்ப் பார்த்தால், கிழிந்தது வலது காது.

சுண்ணாம்பு ஓரங்களில் காயத் தொடங்கியது. சந்தை நடுவே ஒரு குழாய் இருந்தது. அங்கே போய் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு விரலால் குழைத்துக்கொண்டார். மறுபடி சுற்றினார். மறுபடி காய்ந்தது, மறுபடி குழாய். உள்ளங்கை எரிய ஆரம்பித்தது.

வெயில் ஏற ஏற ஆவுடையப்பனின் கால்கள் வேகம் பிடித்தன. வியாபாரிகள் சாக்குகளை மடிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். மூன்றாவது தடவை குழாயடியில் நின்றபோது, வயது சரியாக அறுபதாகத்தான் இருக்க வேண்டுமா என்று ஒரு யோசனை வந்தது. ஐம்பது என்றாலும் பாதகமில்லை. அப்புறம் நிறம். காவித் துண்டும் வெயிலில் மஞ்சளாகத்தானே தெரியும்? வந்ததுக்கு வெறுமனே போக முடியாது. இப்போது பார்க்கிற முகமெல்லாம் திருட்டு முகமாகத் தெரிந்தது. அப்படித் தெரிவதில் அவருக்கு ஒரு ஆறுதலும் இருந்தது.

புளிய மரத்தடியில் ஒருவர் குடை ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். தலையில் காவித் துண்டு, காதுகளை மூடிக் கட்டியிருந்தார். இடது காலை மடக்கி வலது காலை நீட்டியிருந்தார். நொண்டிக் கால் என்றால் நீட்டித்தானே வைக்க வேண்டும் என்று ஆவுடையப்பனுக்குப் பட்டது.

கோயில் மணி அடித்தது.

ஆவுடையப்பன் குனிந்து, அவர் முதுகில் உள்ளங்கையை அழுத்தி இழுத்தார்.

“யாரு?” என்று திரும்பிப் பார்த்த குடைக்காரர், பெரிய மனிதர் ஒருவர் தன்னைத் தட்டிக்கொடுத்ததாக நினைத்துச் சிரித்தார். “நேரமாச்சு சார். அடுத்த வாரம் கொண்டாங்க, சரி பண்ணித் தர்றேன்.”

எழுந்தார். பையைத் தோளில் போட்டார். துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். இரண்டு காதும் முழுசாக இருந்தன. நிமிர்ந்து, நல்ல நடையாக வாசலை நோக்கி நடந்தார். வாசலில் இரண்டு பேர் தடியோடு நின்றார்கள்.

ஆவுடையப்பன் குடைக்காரரின் பின்னாலேயே ஓடினார்.

“ஐயா, நில்லுங்க, நில்லுங்க.” தன் சட்டையின் முன்பக்கத்தைப் பிடித்து அவர் முதுகைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க வெள்ளை பரவியது. கையளவு இருந்தது முதுகளவு ஆனது.

“காக்கா எச்சமா சார்? இருக்கட்டும் விடுங்க, வீட்டுல துவைச்சுக்கலாம்.”

குடைக்காரர் வாசலைத் தாண்டினார். தடி வைத்திருந்தவர்கள் ஆட்டு வியாபாரிகள். ஆடுகளை ஒதுக்கி அவருக்கு வழிவிட்டார்கள். அம்மாவின் ஆட்கள் எங்கே மறைந்து நிற்கிறார்களோ என்று பதறி, ஆவுடையப்பன் மலைப்பாதையில் மூச்சிரைக்க ஏறினார்.

“அம்மா, தப்பான ஆள் மேல பூசிட்டேன். உடனே நம்ம ஆளுங்களுக்குச் சொல்லி அனுப்புங்க.”

“எந்த ஆளுங்க?”

“பசுவைத் திருடினவனைப் பிடிக்க…”

“ஆறு வருஷமா வர்றீங்க. ஒரு நாளாவது இங்க பால் காப்பி குடிச்சிருக்கீங்களா?”

மடத்தில் பசுவே கிடையாது என்பது ஆவுடையப்பனுக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது. வெட்கத்தில் முகம் எரிந்தது. அடுத்த கணம் கோபம் வந்தது.

“அப்போ நீங்க சொன்னது பொய்யாம்மா?”

“பொய்தான். நீங்க பூசின ஆளோட காதைப் பார்த்தீங்களா?”

“துண்டு மறைச்சிருந்தது.”

“நடையை?”

“உட்கார்ந்திருந்தார்.”

“அப்புறம்?”

“மணி அடிச்சிடுச்சும்மா.” அவர் குரல் இறங்கியது. “நீங்கதானே வீணாக்கக் கூடாதுன்னு சொன்னீங்க.”

“நானா சொன்னேன்?”

யோசித்துப் பார்த்தார். அம்மா அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை.

“கையில சுண்ணாம்போட திரும்பி வராதேன்னு சொன்னீங்க இல்ல? நான் வேற என்னம்மா பண்ண முடியும்? காஞ்சா ஒட்டாதேன்னு மூணு தடவை குழாயடிக்கு ஓடி ஓடி நனைச்சுக்கிட்டேன்.”

போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். ஜெபராணி. அந்த வரி இருக்கட்டுமா, சார்?

“இவளுக்கு என்ன பதில் சொல்றது?”

அம்மா அவர் வலது கையைப் பிடித்து விரித்தார். உள்ளங்கை வெந்து சிவந்து கிடந்தது.

“குழாய்ல தண்ணி வந்துச்சா?” என்றார்.

மூன்று தடவை நனைத்த கையை ஒரு தடவை கழுவியிருக்கலாம் என்று ஆவுடையப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. காலையிலிருந்து முதல் தடவையாகத் தரையில் உட்கார்ந்தார்.