மூலையில் ஓர் ஓட்டை

அந்த மலையடிவார மடத்தில் குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். குரு செண்பகவடிவு அம்மாவுக்கு நாற்பதுதான் இருக்கும். சீடர் வன்னியப்பர் தாலுகா ஆபீசில் ஓய்வு பெற்று, கொல்லாமை விரதம் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தவர். அந்த விரதத்தில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மடத்து அரிசி அறையில் எலி புகுந்தது. வன்னியப்பர் கூண்டு வைத்துப் பிடித்து, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்த் திறந்துவிடுவார். "நல்லா இரு" என்று வாழ்த்தியும் அனுப்புவார். வால் அறுந்த எலி ஒன்று அவர் திரும்புவதற்கு முன்னாலேயே மடத்துக்கு வந்துவிடும்.

சமையல் செய்யும் பேச்சிக்குப் பொறுமை போய்விட்டது.

"நாளைக்குக் காலையில சோத்துல எலி மருந்து கலந்து வைக்கப்போறேன். அன்னதானத்துக்கு வர்ற சனத்துக்கு எலிப்புழுக்கையையா போடச் சொல்றீங்க?"

வன்னியப்பர் பதறிப்போய் அம்மாவிடம் ஓடினார்.

"தாயே, கொல்லாம எலியை எப்படி விரட்டுறது?"

"அரிசி அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்குங்க. விளக்குப் போட வேண்டாம்."

நடுப்பகலில் அவர் இருட்டுக்குள் நின்றார். ஏதோ பெரிய உபதேசம் வரப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டார்.

"கண்ணைத் திறங்க ஐயா" என்று வெளியிலிருந்து குரல் வந்தது. "வெளிச்சம் எங்கெங்க வருது?"

"கதவுக்குக் கீழ. குழாய் போற இடத்துல. அப்புறம் மூலையில ஒண்ணு."

"நீங்க வாழ்த்தி அனுப்பினதெல்லாம் அந்த வழியாத்தான் வருது."

வெட்கமாக இருந்தாலும் வன்னியப்பருக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. அரிசியை மூடி போட்ட தகர டின்களுக்கு மாற்றினார். சிந்திக் கிடந்ததைக் கூட்டி அள்ளினார். கதவடியில் தகடு அடித்தார். குழாயைச் சுற்றிக் கம்பிவலை வைத்துச் சிமெண்ட் பூசினார். மூலை ஓட்டை ஒன்றுதான் பாக்கி. அதை அடைக்க வெளிப்பக்கம் போனார்.

உள்ளே கீச்சுக் கீச்சென்று சத்தம் கேட்டது. அவர் அவசரமாகச் சிமெண்டை அள்ளினார்.

பின்னாலேயே வந்த அம்மா ஓட்டையின் மேல் கையை வைத்தார்.

"இது இருக்கட்டும்."

"இதையும் அடைச்சாத்தானே வேலை முடியும், தாயே?"

"தின்ன ஒண்ணும் இல்லைன்னா உள்ள இருக்கிறது தானா வெளிய போயிடும். அப்புறம் அடைக்கலாம்."

"பேச்சி விடியிற வரைக்கும்தான் பொறுத்துக்குவா. இப்பவே அடைச்சா உள்ளயே கிடந்து அடங்கிடும். நான் ஒண்ணும் கொல்லலையே? ஓட்டையைத்தானே அடைக்கிறேன்?"

அம்மா கையை எடுக்கவில்லை.

"பேச்சியும் சோறுதானே வைக்கிறா?"