மதகு திறந்த மெய்க்கீர்த்தி

இலவசமாக எல்லோருக்கும் மென்பொருள் செய்து கொடுக்கும் புண்ணியவான்கள், புதுப் பதிப்பு வெளியிடும்போது கூடவே ஒரு குறிப்பும் எழுதுவார்கள். “பல மேம்பாடுகள் செய்யப்பட்டுள்ளன.” அவ்வளவுதான். என்ன மேம்பாடு? அது அவர்களுக்கும் ஆண்டவனுக்கும் தெரிந்த ரகசியம். இந்த வியாதி இன்று வந்ததல்ல. மழவராயன் அரசவையிலேயே இருந்திருக்கிறது.

மழவராயன் தாராளமான அரசன். தன் தச்சுக்கூடத்தில் ஏரி மதகு ஒன்றைச் செய்வித்து, அதன் அமைப்பைப் பாறையில் செதுக்கி வைத்திருந்தான். எந்த ஊராரும் பார்த்துச் செய்துகொள்ளலாம். குறை கண்டால் திருத்தலாம். திருத்தியதை வந்து சொன்னால் போதும்.

அந்த ஆண்டு தச்சர்கள் மதகையே மாற்றிவிட்டார்கள். முன்பு கைப்பிடியைத் தூக்கினால் தண்ணீர் திறக்கும், அழுத்தினால் மூடும். புதியதில் எல்லாம் தலைகீழ். அவைப்புலவர் அம்பலக் கவிராயர், அரசன் புகழ் பாடும் மெய்க்கீர்த்தியாகவே அறிவிப்பை எழுதி முரசறையச் செய்தார்.

ஐப்பசி மழை கொட்டியது. மடை காக்கும் சடையன் மதகை மூட ஓடினான். பழக்கப்படி அழுத்தினான். தண்ணீர் பாய்ந்தது. பதறிப்போய் இன்னும் அழுத்தினான். அரசனின் வாழைத்தோட்டம் முழுகிவிட்டது.

“மடையன்!” என்று சபையில் சீறினான் அரசன்.

“வேலையைச் சரியாகச் சொன்னீர்கள், அரசே. பெயர் சடையன்” என்றான் நக்கன். அவன் அவையின் விகடன். பெயரிலேயே பாதி நக்கல்.

“இவனை ஊரைவிட்டே துரத்தப் போகிறேன். உனக்குச் சிரிப்பா?”

நக்கன் சடையன் பக்கம் திரும்பினான். “ஏனப்பா, அறிவிப்பைக் கேட்கவில்லையா?”

“கேட்டேன் சாமி. முப்பத்திரண்டு வரி, நின்னுக்கிட்டே கேட்டேன். மகாராசா தோளு மலைன்னாங்க. கண்ணு தாமரைன்னாங்க. மதகுல பல நயம் செஞ்சாருன்னாங்க. எதை அழுத்தணும், எதைத் தூக்கணும்னு மட்டும் சொல்லலே.”

கவிராயர் துள்ளி எழுந்தார். “ஓய், மெய்க்கீர்த்தியில் அழுத்துவதையும் தூக்குவதையுமா பாடுவார்கள்? புகழ் மட்டுமே வரலாம். அதுதான் மரபு!”

அரசன் மீசையை முறுக்கினான். “மரபு மரபுதான். நக்கா, நாளைக் காலை நீ ஓர் அறிவிப்போடு வா. என் புகழைத் தவிர வேறொன்றும் அதில் இருக்கக் கூடாது. ஆனால் அதைக் கேட்டபின் ஒரு மடைக்காரனும் தவறக் கூடாது. முடியாவிட்டால் சடையனோடு நீயும் நடையைக் கட்டு.”

மறுநாள் முரசு முழங்கியது. நக்கன் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினான்:

“அழுத்தினால் மதகு திறக்கச் செய்த கோன்!
தூக்கினால் மூடச் செய்த வேந்தன்!
பழைய கைப்பிடியை இதில் மாட்டாதீர் என்று அருளிய அண்ணல்!
பிடி வழுக்குகிறது என்ற கீழையூர்ச் செம்பியின் சொல் கேட்டு, அதில் கயிறு சுற்றுவித்த காவலன்!
பெருமழையில் மதகின் ஓரம் கசிவதைத் தை பிறந்ததும் அடைக்கப் போகும் மன்னன்!”

“நிறுத்து!” என்றான் அரசன். “கசிகிறதா?”

“கசிகிறது, அரசே.”

“அதுவரை என்ன செய்வதாம்?”

“‘வைக்கோல் திணிக்கச் சொன்ன வள்ளல்.’ அடுத்த வரியே அதுதான். நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள்.”

அரசன் கவிராயரைப் பார்த்தான். “இது புகழா, இல்லையா?”

கவிராயர் ஓலையை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். ஒவ்வொரு வரியும் கோன், வேந்தன், காவலன் என்றே முடிந்தது. “இலக்கணப்படி… புகழ்தான்” என்று முனகினார்.

“சடையா, மழை வலுக்கிறது. என்ன செய்வாய்?”

“தூக்குவேன் மகாராசா! ஓரத்துல வைக்கோலும் திணிப்பேன்.”

அரசன் வாய்விட்டுச் சிரித்தான். “போய் உன் மடையைப் பார்!” என்று சடையனை அனுப்பிவிட்டு, தன் சால்வையை எடுத்து நக்கன் தோளில் போர்த்தினான். “இதையே பாறையிலும் வெட்டுங்கள்.”

கவிராயருக்குத் தாங்கவில்லை. “அரசே, என் மெய்க்கீர்த்தியையே இவன் கெடுத்துவிட்டான்!”

நக்கன் சால்வையைச் சரிசெய்துகொண்டு கைகூப்பினான்.

“வருந்தாதீர்கள், கவிராயரே. கீர்த்தி முழுக்க உங்களுடையதுதான். மெய் மட்டுமே நான் சேர்த்தது.”