ராஜாவோட டேட்டாவைக் குடிச்சது யாரு

மேழிக்கோட்டை ராஜா அதிவீரபூபதிக்கு எதிரிங்க மொத்தம் மூணு. ரெண்டு பேரு பக்கத்து நாட்டு ராஜாங்க. மூணாவது, அவர் போன்ல வர்ற ஒரு செய்தி: "உங்கள் இன்றைய டேட்டா தீர்ந்துவிட்டது." ராஜாங்களாவது எப்பவாவது படையெடுப்பாங்க. இது தினமும் மத்தியானத்துக்குள்ள வந்துடும்.

அன்னைக்கு ஊர்வலம். யானை மேல ராஜா, பக்கத்துல வெளிநாட்டுத் தூதுவர். "நம்ம சேவல் சண்டை போடுற அழகைப் பாருங்க"ன்னு ராஜா போனை நீட்டினார். வட்டம் சுத்துச்சு. யானை ரெண்டு தெரு தாண்டிடுச்சு, வட்டம் அங்கேயே சுத்துது. தூதுவர் ரொம்ப மரியாதையா, "சேவல் சாப்பிடப் போயிருக்கா?"ன்னு கேட்டார்.

அவ்வளவுதான். அரண்மனைக்குத் திரும்பினதும் சபை கூடிச்சு.

"காலையில பூரா அரண்மனைக்குள்ளதான் சேவல் சண்டை பாத்துக்கிட்டு இருந்தேன். போன்ல வைஃபை கோடு தெரிஞ்சுது. டேட்டாவை நான் தொடவே இல்ல. அப்ப குடிச்சது யாரு?"

அமைச்சர் பஞ்சாட்சரம் எந்திரிச்சார். மனுஷன் பேசினா பாதி வாயால வரும், பாதி மூக்கால வரும். "மகாராஜா, இதுல விசாரிக்க என்ன இருக்கு? வைஃபைக்குப் பொறுப்பு ஒச்சப்பன். திருட்டும் அவன்தான்." அந்த வேலைக்கு அமைச்சரோட மச்சான் ஆறு மாசமா குளிச்சு ரெடியா உக்காந்திருக்கான்னு ஊருக்கே தெரியும். ராஜாவுக்கு மட்டும் தெரியாது. ராஜான்னா அப்படித்தானே.

"நாளைக்குச் சபை முடியறதுக்குள்ள திருடன் யாருன்னு தெரியணும். இல்லேன்னா ஒச்சப்பனை எல்லையைத் தாண்டி விட்டுருங்க."

ஒச்சப்பனுக்குக் கல்யாணமாகி நாலு மாசம். நேரா தாண்டவன் வீட்டுக்கு ஓடினான். தாண்டவன் சபையில விகடம் பண்றவர். சம்பளம் வாங்கிக்கிட்டு ராஜாவையே கிண்டல் பண்ற ஒரே ஆளு.

"அண்ணே, சத்தியமா நான் எடுக்கலண்ணே."

"டேட்டாவை மடியில கட்டிக்கிட்டுப் போக முடியாதுன்னு எனக்கும் தெரியும்டா. வைஃபை பெட்டியை எங்க வச்சிருக்க?"

"நானெங்க வச்சேன்? ஆயுத பூஜைக்கு அமைச்சர் சபை மூலையில தங்கத் தகடு போட்டு ஒரு மண்டபம் கட்டி, அதுக்குள்ள வச்சுட்டாரு. 'மகாராஜாவோட வைஃபை திறந்த வெளியில கிடக்கலாமா'ன்னு மூணு கதவு. மூணும் சாத்தியே இருக்கணுமாம். வேண்டாங்கய்யான்னேன். 'ஏன், மகாராஜாவுக்கு மரியாதை பண்றது உனக்குக் கசக்குதா'ன்னாரு."

தாண்டவன் துண்டை எடுத்துத் தோள்ல போட்டார். அப்புறம், "நீ போய்த் தூங்கு"ன்னார்.

மறுநாள் சபை. அங்க ஒரு வழக்கம் உண்டு. கட்டியக்காரர் ராஜாவோட நாப்பது பட்டத்தையும் கணீர்னு சொல்லி முடிச்சாத்தான் ராஜா சபையை ஆரம்பிப்பார். ஒண்ணு குறைஞ்சாலும் அன்னைக்கு நாடு ஓடாது.

ராஜா உக்காந்தார். மீசையைத் தடவினார். காத்திருந்தார். எங்கேயோ 'ம்ம்ம்... ம்ம்ம்'னு ஒரு சத்தம், கிணத்துக்குள்ள வண்டு விழுந்த மாதிரி.

"கட்டியக்காரன் எங்கய்யா?"

"சபையிலதான் இருக்கார் மகாராஜா"ன்னார் தாண்டவன். "சொல்லிக்கிட்டுத்தான் இருக்கார். இப்ப பதினோராவது பட்டம்னு நினைக்கிறேன்."

ராஜா காதைத் தீட்டினார். 'ம்ம்ம்'. பட்டம் கேக்காம அவரால இருக்க முடியல. வாசல் பக்கம் திரும்பினார். "டேய், வெளிய நிக்கிற காவக்காரா. உள்ள வந்து நீ சொல்லுடா."

காவக்காரன் ஓடி வந்து நாப்பதையும் முழங்கினான். ராஜாவுக்கு உசிரு வந்துச்சு.

தாண்டவன் கை கட்டிக்கிட்டு, "ஒரு சந்தேகம் மகாராஜா. கட்டியக்காரர் சபையில இருக்கார்னு தெரிஞ்சுமா வெளியாளைக் கூப்பிட்டீங்க?"

"இருந்து என்னய்யா புண்ணியம்? காதுல விழலையே. அது வரைக்கும் நான் சும்மா உக்காந்திருக்கணுமா?"

"யார்கிட்டயும் உத்தரவு கேக்கலையே?"

"என் பட்டத்தைக் கேக்க எனக்கு எவன் உத்தரவு?"

"உங்க போனும் அச்சு அசலா இதையேதான் செஞ்சுது மகாராஜா. வைஃபை இருக்கு, கோடு தெரியுது, ஆனா மண்டபத்துக்குள்ளேர்ந்து முனகுது. சேவல் சண்டையை நிறுத்தக் கூடாதேன்னு போன் சத்தமில்லாம வெளியில இருக்கிற டேட்டாவைக் கூப்பிட்டுக்கிச்சு. பக்கத்துல யாரையும் கேக்கல. ராஜாவோட போனாச்சே."

"நான் அதுக்கு அனுமதி குடுக்கவே இல்லையே."

தாண்டவன் போனை வாங்கி செட்டிங்ஸ்ல போய்க் காட்டினார். 'வைஃபை மெதுவாக இருந்தால் மொபைல் டேட்டாவுக்கு மாறவும்.' பக்கத்துல பச்சைப் பொத்தான் பளபளன்னு எரியுது.

"போன் வாங்கின அன்னைக்கு அது நூறு கேள்வி கேட்டுச்சு. நூறுக்கும் 'சரி'ன்னு அமுக்கினீங்க. ஓலையைப் படிக்காம முத்திரை குத்தின பழக்கம், விரல் தானா போயிடுச்சு."

 தாண்டவன் மண்டபக் கதவைத் திறந்தார். உள்ள வைஃபை பெட்டி. அதுக்குப் பக்கத்துல குத்த வச்சு, வேர்த்து விறுவிறுத்து, கட்டியக்காரர் முப்பத்தேழாவது பட்டத்துல இருந்தார்.

ராஜா முதல்ல முறைச்சார். அப்புறம் தோள் குலுங்குச்சு. அப்புறம் கிரீடமே சரிஞ்சுது. பச்சையை அணைச்சார். தன் முத்து மாலையைக் கழட்டித் தாண்டவன் கழுத்துல போட்டார். "ஒச்சப்பா, நீ எங்கேயும் போக வேணாம். அந்தப் பெட்டியைத் தூக்கி உசரத்துல வை, காத்து படட்டும்."

பஞ்சாட்சரம் மூக்கால ஆரம்பிச்சார். "அப்ப மகாராஜா, இவ்வளவு பெரிய தங்க மண்டபம் காலியாவா கிடக்கணும்?"

"எதுக்குக் காலியா கிடக்கணும்?"னார் தாண்டவன். "ஆள் தாராளமா உக்காரலாம். இனிமே அமைச்சர் அதுக்குள்ளேர்ந்தே ஆலோசனை சொல்லட்டும்."

ராஜா கண்ணைத் தொடைச்சுக்கிட்டே கேட்டார்: "கதவு?"

"மூணையும் சாத்திடலாம் மகாராஜா."