புலித்தோல் போர்த்திய ராசா

கடலோரத்துல ஒரு சின்ன ராச்சியம். ராசா பேரு கோதண்டர். நல்ல மனுசன்தான், யாராவது புகழ்ந்துட்டா மட்டும் புத்தி கொஞ்சம் வெளியே போய்ட்டு வரும்.

சீனத்துக் கப்பல் ஒண்ணு துறைக்கு வந்தது. அரண்மனைச் சோசியர் வைரவநாதர் அந்தக் கப்பல்காரங்ககிட்ட அரைகுறையாக் கேட்டுக்கிட்டு சபைக்கு ஓடி வந்தார்.

"மகாராசா! சீனத்துல வருசத்துக்கு ஒரு மிருகம். மொத்தம் பன்னிரண்டு. கூடவே மரம், நெருப்பு, மண், உலோகம், தண்ணின்னு அஞ்சு பூதம்."

"காத்து எங்கேய்யா?" என்றான் விகடகவி தொண்டியப்பன். "காத்து இல்லாமலா கப்பல் இங்கே வந்துச்சு?"

சபை சிரித்தது. சோசியருக்கு வயிறு எரிந்தது. 'இன்னிக்கு மழை வராது' என்று அவர் அடித்துச் சொன்ன நாளில் சபைக்குத் தாழங்குடையோட வந்து நனையாமல் வீட்டுக்குப் போனவன் இந்தத் தொண்டியப்பன்தான். அந்தக் கடுப்பு வேற.

"மகாராசா பிறந்தது புலி வருசம்!" என்றார் சோசியர்.

ராசா மீசையைத் தடவினார்.

"உங்களுக்கு அஞ்சு மாசம் இளையவன் தொண்டியப்பன். அவன் பிறக்கிறதுக்குள்ள வருசம் மாறிடுச்சு. அவன் முயல்! வரப்போறது உலோகச் சேவல் வருசம். சேவலுக்கு முயல் ஆகவே ஆகாது. அதுவும் இரும்பு அலகு வச்ச சேவல்! முயல் இந்த ஊர்ல இருந்தா ராச்சியமே நாசம்."

ராசா பெட்டியிலிருந்து புலித்தோலை எடுத்துப் போர்த்திக்கிட்டார். மோர் கேட்கிறதுக்கே உறுமினார். அந்த உறுமலோடயே உத்தரவும் போட்டார்: "தொண்டியப்பா, பொழுது சாயறதுக்குள்ள எல்லையைத் தாண்டிடு. திரும்பி வராதே."

பெண்டாட்டி பிள்ளையோட எங்கே போறது? தொண்டியப்பன் நேரா துறைக்குப் போனான். சாயங்காலம் சபைக்குத் திரும்பினான். தலையில் ஒரு மூட்டை, கையில் ஒரு மூட்டை. பக்கத்தில் சீனக் கப்பல் தலைவர் லின்.

"ரெண்டு மூட்டை எதுக்குடா?"

"சின்னது எனக்கு. பெரிசு உங்களுக்கு, ராசா. பட்டு வேட்டியும் வெத்தலைப் பெட்டியும் வச்சிருக்கேன். வழியில வேற ஏதாச்சும் வேணுமா?"

"என்னடா உளர்றே?"

"ஐயா லின், உங்க ஊர்ல புது வருசம் எப்பப் பிறக்கும்?"

பல வருசமா வந்து போற மனுசன், தமிழ் நல்லாவே பேசுவார். "உங்க தை மாசம் முடியிற சமயத்துல. கப்பல்லயே வெடி வெடிப்போமே!"

"நம்ம சோசியர் சித்திரையில பிறக்குதுன்னு கணக்குப் போட்டுட்டார். ராசா பிறந்தநாள் எப்பன்னு ஊருக்கே தெரியும். பங்குனியில தெருத் தெருவாப் பாயசம் ஊத்துறாங்க. ராசா பிறந்த அந்தப் பங்குனிக்கு முன்னாடியே சீனத்துல புலி போய் முயல் வந்தாச்சு. நான் அடுத்த ஆவணி. அதே முயல்தான். கிளம்புவோமா ராசா? இருட்டுறதுக்குள்ள எல்லையைத் தாண்டணும்."

ராசா மெதுவாக் கப்பல் தலைவரைப் பார்த்தார்.

"அப்ப நான் புலி இல்லையா?"

"முயல் நல்லதுங்க. சாது."

ராசா சோசியர் பக்கம் திரும்பினார். "சேவல் வருசத்துல முயல் ஊர்ல இருந்தா என்னய்யா ஆகும்?"

சோசியர் அவசர அவசரமா விரல் விட்டு எண்ணினார். "முயல் இருந்தா... பஞ்சமே வராதுங்க, மகாராசா! முயல் கண்டிப்பா இருந்தே ஆகணும்!"

ராசாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. வயிற்றைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சார். "போதும்டா தொண்டியப்பா, மூட்டையை இறக்கு. நீ எங்கேயும் போக வேண்டாம். என்ன பரிசு வேணும், கேளு!"

"அந்தப் புலித்தோலைக் குடுங்க ராசா. சேவல் வந்தா நாம ரெண்டு பேரும் அதுக்குள்ள ஒளிஞ்சுக்கலாம்."