செகப்பி போட்ட முடிச்சு

திருப்பத்தூரில் ஒரு தனியார் பேருந்துக் கொட்டகை. அங்கே வண்டி கழுவுவது அடைக்கலத்தின் வேலை. விடியுமுன் வாளியும் துடைப்பமுமாக வந்துவிடுவார். பயணிகள் வாந்தியெடுத்த இடத்தையும் முகம் சுளிக்காமல் கழுவுவார். எந்த வண்டியில் ஏறினாலும், ஓட்டுநர் இருக்கைக்கு மேலிருக்கும் முருகன் படத்தைத்தான் முதலில் துடைப்பார். அதற்கென்று தனித் துணி வைத்திருந்தார். “முருகா, இம்புட்டுச் சனத்தையும் பத்திரமாக் கொண்டாந்து சேரு” என்பார். அவர் அறிந்த பூசை அவ்வளவுதான்.

“ஓய் அடைக்கலம், முருகனக் குளிப்பாட்டியாச்சுன்னா என் கண்ணாடியவும் கொஞ்சம் பாரும். எனக்கு ரோடு தெரியணும்ல?” என்பார்கள் ஓட்டுநர்கள். அவரும் சிரித்துக்கொண்டே கண்ணாடிக்கு நகர்வார்.

ஒருநாள் பேருந்தின் கூரையிலிருந்து வழுக்கி விழுந்து நினைவிழந்தார். விறகு விற்றுப் பிழைத்த அவர் மனைவி செகப்பி, இவர் எழுந்தால் பழனிக்குச் சர்க்கரைக் காவடி சுமந்து நடந்தே வருவதாக வேண்டிக்கொண்டார். கணவர் எழுந்தார். செகப்பி இரண்டு கலயங்களில் சர்க்கரை நிரப்பி, வாயை மஞ்சள் துணியால் மூடிக் கட்டினார். விறகுக்கட்டுக்குப் போடும் அதே முடிச்சு. நுனியை உள்ளே இருமுறை மடித்துச் செருகுவார். பல்லால் கடித்து இழுத்தால்தான் வரும்.

அந்த வாரமே செகப்பிக்குக் காய்ச்சல் கண்டது. அவர் பிறகு எழவில்லை.

ஆண்டுத் திவசம் கழியும்வரை மலையேறக் கூடாது. அதுவரை கலயங்கள் உறியில் தொங்கின. அடைக்கலம் வேலை முடிந்து வந்து அவற்றின் கீழே உட்கார்ந்திருப்பார். சில நாள் சோறு பொங்குவார். சில நாள் மறந்துவிடுவார். செகப்பியின் கை கடைசியாகக் கட்டியது அந்த முடிச்சுகள்தாம். தைப்பூசம் வந்தது. மனைவியின் வேண்டுதலைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டு பாதயாத்திரைக் குழுவோடு நடந்தார்.

திண்டுக்கல் தாண்டிய மறுநாள், காலம் தப்பிய மழை பிடித்துக்கொண்டது. தரைப்பாலத்தின் மேல் வெள்ளம் ஓடியது. முன்னால் போன சமையல் வண்டி அக்கரையில் நின்றுவிட்டது. “இன்னைக்கு நடை இல்ல சாமி. தண்ணி வடியட்டும்” என்றார் குழுத் தலைவர் வயிரவன். எல்லோரும் பக்கத்துச் செங்கல் சூளையில் ஒதுங்கினார்கள்.

அங்கே ஒரு குடிசையில், சூளைக் கூலியாள் ராசு தன் மனைவியின் தலையை மடியில் வைத்திருந்தான். நேற்றிலிருந்து வாந்தியும் பேதியும். அவள் கண் செருகிக் கிடந்தாள்.

“ஆஸ்பத்திரிக்குப் பாலந்தான் வழி சாமி. உப்பும் சீனியும் கலந்து தண்ணி குடுத்துக்கிட்டே இருன்னு நர்சம்மா முன்ன சொல்லிருக்கு. உப்பு கெடக்கு. சீனிக்கு நான் எங்க போவேன்?”

குழுவில் சர்க்கரைக் காவடிகள் பல இருந்தன. யாரும் தம் காவடியை இறக்கவில்லை. சன்னதி சேருமுன் கட்டவிழ்ந்தால் வேண்டுதல் முறிந்தது என்பது அவர்கள் வழக்கம்.

அடைக்கலம் ராசுவின் மடியைப் பார்த்தார். பிறகு தன் காவடியை இறக்கினார்.

வயிரவன் பதறினார். “என்ன சாமி பண்றீக? அது செத்துப்போன உங்க வீட்டு ஆத்தா முடிஞ்சு வச்சது. அவுத்துட்டு வெறுங்கலயத்தோடயா மலையேறப் போறீக?”

“அவ புருசன் பொழைக்கணும்னு முடிஞ்சது சாமி. இவன் பொண்டாட்டி பொழைக்க அவுத்தா கோவிச்சுக்கிட மாட்டா.”

முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தார். துணியில் மஞ்சள் வாசம் இன்னும் இருந்தது.

கொதித்து ஆறிய நீரில் உப்பும் சர்க்கரையும் கரைத்து, கரண்டி கரண்டியாகப் புகட்டினார்கள். சூளையின் கெட்ட தண்ணீரைக் குடித்து அடுத்தடுத்த குடிசைகளிலும் சிலர் இதே வாந்தி பேதியோடு படுத்திருந்தார்கள். அவர்களுக்காக இரண்டாவது கலயமும் அவிழ்ந்தது. பொழுது சாயும் நேரம் ராசுவின் மனைவி கண்ணைத் திறந்து, “யாருய்யா இவுக? அடுப்பெல்லாம் சர்க்கரையாக் கெடக்கு, எறும்பு வராதா?” என்று முணுமுணுத்தாள். ராசு அழுதுகொண்டே சிரித்தான்.

மறுநாள் வெள்ளம் வடிந்தது. அடைக்கலம் வெறுங்கலயங்களைத் துணியால் மூடினார். செகப்பியின் முடிச்சு அவருக்கு வரவில்லை. ஏதோ ஒரு முடிச்சுப் போட்டார். “முறிஞ்ச காவடி முன்னால வரக் கூடாது” என்றார் வயிரவன். சரி என்று அடைக்கலம் கடைசியில் நடந்தார்.

சன்னதியிலும் கடைசியாகவே நின்றார். குருக்கள் கலயத்தை வாங்கி முடிச்சோடு மல்லுக்கட்டினார்.

“யாருய்யா இப்படிக் கட்டினது? அசைய மாட்டேங்கறதே! கத்தி கொண்டாங்கோ.”

அடைக்கலம் எட்டிப் பார்த்தார். நுனி, உள்ளே இருமுறை மடித்துச் செருகியிருந்தது.

“கத்தி வேணாம் சாமி” என்றார். “நான் பல்லால அவுத்துக்கிர்றேன்.”

கட்டு அவிழ்ந்தது. கலயம் நிறையச் சர்க்கரை. மற்றதிலும் அப்படியே. குருக்கள் அள்ளி ஆண்டவன் திருமேனியில் சொரிந்தார். வயிரவன் அடியாரின் சேறு படிந்த கால்களில் விழுந்தார்.

அடைக்கலம் அந்த மஞ்சள் துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். கொட்டகையில் முருகன் படங்களை அதன் பிறகு அவர் துடைத்தது அந்தத் துணியால்தான். கட்டிய கையையும் அவிழ்த்த கையையும் ஒன்றாகவே ஏற்றுக்கொண்டான் குமரன். அந்த இரு கைகளுக்கும் நம் வணக்கம்.